பார்க்காத நேரத்து வேலை

காலை ஏழரை மணிக்கு உரும்பிராய்ச் சந்தியில் நின்றால், பலாலி வீதியால் யாழ்ப்பாணப் பக்கம் போகிறவர்களில் கம்பஸ் ஆட்களை எளிதாக அடையாளம் காணலாம். ஆய்வுகூடத்தில் வேலை செய்பவர், நூலகத்தில் இருப்பவர், பதிவாளர் கிளையின் முகாமைத்துவ உதவியாளர், சாரதி, காவலாளி, விரிவுரையாளர் என்று எல்லாத் தரத்திலும் ஆட்கள் உண்டு. கோண்டாவிலைத் தாண்டினால் திருநெல்வேலி. மோட்டார் சைக்கிளில் போனால் பத்துப் பதினைந்து நிமிடம். உரும்பிராய், ஊரெழு, கோப்பாய் போன்ற செம்மண் ஊர்களில் தோட்டத்தை விட்டால் நிலையான மாதச் சம்பளம் தரும் இடங்களில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகம் முக்கியமானது. அரை நூற்றாண்டாக அப்படித்தான்.

அந்த வீடுகளில் சம்பளப் பேச்சுக்குச் சமமாக இன்னொரு பேச்சும் நடக்கும். "புது ஹெட் எப்பிடி?" "இந்த டீன் கையெழுத்து வைப்பாரோ, திருப்பி அனுப்புவாரோ?" துறைத்தலைவர் மாறுகிறார், பீடாதிபதி மாறுகிறார், துணைவேந்தர் மாறுகிறார். அதே மேசை, அதே ஆள், அதே சம்பளம். வேலை மட்டும் வேறாகிவிடுகிறது. நேற்றுவரை விடுமுறை நாளிலும் வந்து ஆய்வுகூடக் கரைசலைத் தயார் செய்து வைத்தவர், இன்று நாலேகாலுக்கே விரலடையாள இயந்திரத்தின் முன் வரிசையில் நிற்கிறார். அந்த மனிதரின் உழைப்பில் எது மாறியது, யார் மாற்றினார்கள் என்பதைத்தான் இந்தக் கட்டுரை கேட்கிறது.

பல்கலைக்கழக வேலைக்கு ஒரு தனிக்குணம் உண்டு. தொழிற்சாலையில் மாலையானால் எத்தனை சட்டை தைத்தோம் என்று எண்ணிவிடலாம். கம்பஸில் அப்படி எண்ண முடியாது. பரீட்சைக் கிளையில் ஒருவர் இருநூறு பேரின் புள்ளிகளைக் கணினியில் ஏற்றும்போது 67ஐ 76 ஆக ஏற்றிவிட்டால் அந்தக் கணம் யாருக்கும் தெரியாது. சில வேளை ஒரு பிள்ளையின் வகுப்புச் சித்தி அதில் போய்விடும். நூலகத்தில் ஒரு புத்தகத்தைத் தவறான அடுக்கில் செருகினால், அது இருந்தும் இல்லாத புத்தகம். விரிவுரையாளர் விடைத்தாள் திருத்துவது இரவில், வீட்டில், தனியாக. நூறாவது விடைத்தாளை முதலாவதைப் போலவே கவனமாக வாசித்தாரா என்பது அவருக்கு மட்டுமே தெரியும். இங்கே தரம் என்பது முழுக்க முழுக்க யாரும் பார்க்காத நேரத்து வேலை. ஆகவே தலைமைத்துவத்தை அளப்பதற்கு எனக்குத் தெரிந்த கோல் ஒன்றுதான்: தலைவர் அறையில் இல்லாதபோது அங்கே என்ன நடக்கிறது?

இதைச் சோதித்துப் பார்த்தவர்களும் இருக்கிறார்கள். 1938, 39 ஆண்டுகளில் அமெரிக்காவின் அயோவாப் பல்கலைக்கழகத்தில் கேர்ட் லெவின், ரொனால்ட் லிப்பிற், ரால்ஃப் வைற் என்ற மூன்று உளவியலாளர்கள், பத்து வயதளவிலான சிறுவர்களைச் சிறு குழுக்களாகப் பிரித்து முகமூடி செய்வது போன்ற கைவேலைகளைக் கொடுத்தார்கள். ஒரு குழுவின் தலைவர் எல்லாவற்றையும் தானே தீர்மானித்து ஆணையிட்டார். இன்னொருவர் சிறுவர்களோடு பேசி முடிவெடுத்தார். மூன்றாமவர் எதிலும் தலையிடாமல் விட்டுவிட்டார். ஆணையிட்டவரின் குழு, அவர் நிற்கும்வரை மும்முரமாக வேலை செய்தது. அவர் வெளியே போனதும் வேலை வெகுவாகக் குறைந்தது. பேசி முடிவெடுத்த குழுவில் தலைவர் இருந்தாலும் போனாலும் வேலை ஏறத்தாழ ஒரே சீராக நடந்தது. சும்மா விட்ட குழுவில் வேலையும் இல்லை, மகிழ்ச்சியும் இல்லை. சிறுவர்களை வைத்துச் செய்த ஒரு சோதனையைக் கொண்டு வளர்ந்தவர்களின் அலுவலகத்தை முழுதாக விளக்கிவிட முடியாது. ஆனால் நம் கண்முன்னே இருக்கும் ஒரு பல்கலைக்கழகத்தின் வரலாறு இதே பாடத்தைப் பன்மடங்கு பெரிய அளவில் நடத்திக் காட்டியிருக்கிறது.

1974 ஒக்ரோபர் 6ஆம் திகதி, அப்போதைய பிரதமர் சிறிமாவோ பண்டாரநாயக்க யாழ்ப்பாண வளாகத்தைத் திறந்துவைத்தார். சேர் பொன்னம்பலம் இராமநாதன் நிறுவிய பரமேஸ்வராக் கல்லூரியின் கட்டடங்கள்தான் அதன் வீடு. விஞ்ஞானப் பீடம் வட்டுக்கோட்டை யாழ்ப்பாணக் கல்லூரியில் தொடங்கியது. அதாவது ஒரே நிறுவனம், இரண்டு ஊர்கள், போதாத ஆளணி, போதாத கருவிகள். போதாததற்கு, இந்த வளாகமே வேண்டாம், திருகோணமலையில் தமிழ்ப் பல்கலைக்கழகம் வேண்டும் என்ற அரசியல் எதிர்ப்பு வேறு. இவற்றின் நடுவே வளாகத் தலைவராக வந்தவர் பேராசிரியர் க. கைலாசபதி. தினகரன் ஆசிரியராக இருந்து, நேரம் தப்பினால் பத்திரிகை வராது என்ற ஒழுங்கில் பழகியவர். 1977வரை நீடித்த அந்தக் குறுகிய காலத்தில் அவர் செய்த பெரிய காரியம் ஆட்களைத் திரட்டியது. வெவ்வேறு துறைகளிலிருந்தும் வெவ்வேறு அரசியல் நிலைப்பாடுகளிலிருந்தும் ஆட்களைக் கொண்டுவந்து பொறுப்பை அவர்கள் கையில் கொடுத்தார். சிங்கள அறிஞர் சுசரித கம்லத் போன்றவர்களும் அங்கே கற்பித்தார்கள். நல்ல ஆளைத் தேர்ந்து, பிறகு அவர் வழியை மறிக்காமல் நிற்பது ஒரு தலைமைப் பாணி. அதற்குத் தன்னம்பிக்கை வேண்டும். தன்னைவிடக் கெட்டிக்காரனைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளும் துணிவு வேண்டும்.

அவருக்குப் பிறகு பேராசிரியர் சு. வித்தியானந்தன். 1978ஆம் ஆண்டின் 16ஆம் இலக்கப் பல்கலைக்கழகங்கள் சட்டத்தின்படி 1979 ஜனவரி 1 முதல் வளாகம் தனிப் பல்கலைக்கழகமானபோது அதன் முதல் துணைவேந்தர் அவரே. பேராதனையில் 'கர்ணன் போர்', 'இராவணேசன்' என்று கூத்தை நவீன மேடைக்குக் கொண்டுவந்த மனிதர். கூத்தில் அண்ணாவியார் எங்கே நிற்பார் என்று எண்ணிப் பாருங்கள். களரியின் ஓரத்தில், மத்தளத்தோடு. ஆடுகிறவன் கால் பிசகினால் தாளத்தைக் கொஞ்சம் இழுத்துக் கொடுத்து அவனைக் கரைசேர்ப்பார். சபை அதை அறியாது. வித்தியானந்தன் பல்கலைக்கழகத்தையும் ஏறத்தாழ அப்படித்தான் நடத்தினார் என்று நான் கருதுகிறேன். 1977, 1983 வன்செயல்களுக்குப் பிறகு தெற்கிலிருந்து ஓடிவந்த ஆசிரியர்களையும் மாணவர்களையும் அந்தச் சிறிய இடத்துக்குள் ஏற்றுக்கொள்ள வேண்டியிருந்தது. மருத்துவ பீடம் 1978இல் தொடங்கியபோது அதற்கென ஒழுங்கான கட்டடம்கூட இல்லை. 1987 ஒக்ரோபரில் இந்தியப் படை வளாகத்துக்குள்ளேயே இறங்கிச் சண்டை நடந்தது. அந்த நாட்களில் உரும்பிராயும் தன் மனிதர்களைப் பறிகொடுத்தது. இத்தனைக்கும் பிறகு கதவைத் திறந்து, கண்ணாடித் துண்டுகளைக் கூட்டி, மறுபடி வகுப்பு வைத்தவர்கள் யார்? பெயர் எங்கும் எழுதப்படாத ஆய்வுகூட உதவியாளர்களும் வேலையாட்களும் எழுதுவினைஞர்களும்தான். அவர்களை அங்கே வரவைத்தது எந்தச் சுற்றுநிருபமும் இல்லை.

1988இல் பொறுப்பேற்ற பேராசிரியர் அழகையா துரைராஜாவின் காலம் இதற்கெல்லாம் மேலே. கேம்பிரிட்ஜில் மண்பொறியியலில் கலாநிதிப் பட்டம் பெற்றவர். களிமண் எந்த நிலையில் இளகும் என்பது பற்றி றொஸ்கோ, ஸ்கோஃபீல்ட் ஆகியோரோடு சேர்ந்து அவர் 1963இல் வெளியிட்ட கட்டுரையை உலகெங்கும் உள்ள மண்பொறியியலாளர்கள் அறிவார்கள். அவர் விரும்பியிருந்தால் எந்த நாட்டிலும் இருந்திருக்கலாம். 1989 செப்ரெம்பர் 21ஆம் திகதி, அவருடைய பல்கலைக்கழகத்தின் உடற்கூற்றியல் துறைத்தலைவர் ராஜினி திராணகம வீதியில் சுட்டுக் கொல்லப்பட்டார். 1990 முதல் மின்சாரம் இல்லை, பொருளாதாரத் தடை, ஒரு போத்தல் மண்ணெண்ணெய்க்கு மக்கள் அலைந்தார்கள், கொழும்போடு தொடர்பு கிளாலிக் கடலேரி வழியாக, உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு. அந்தக் காலத்தில்தான் 1990இல் விவசாய பீடம் கிளிநொச்சியில் தொடங்கியது. பெற்றோல் இல்லாத ஊரில் துணைவேந்தர் சைக்கிளில் போனார். மற்ற எல்லோரும் அப்படித்தானே போனார்கள் என்று சொல்லலாம். அதுதான் விசயம். மற்றவர்கள் எப்படிப் போனார்களோ அவரும் அப்படியே போனார். உரும்பிராயிலிருந்து சைக்கிள் மிதித்து வந்த நூலக உதவியாளருக்கு, தனக்கு மேலே இருப்பவரும் அதே வெயிலில் வருகிறார் என்பது தெரியும். அந்த நாளில் அவர் பிந்தி வந்தால் அதற்குக் காரணம் இருக்கும்; காரணத்தை எழுதித் தரும்படி எவரும் கேட்கத் தேவையில்லை. 1994 ஜூன் 11ஆம் திகதி துரைராஜா மறைந்தபோது யாழ்ப்பாணம் அழுதது உண்மையான அழுகை.

அடுத்த ஆண்டே, 1995 ஒக்ரோபர் 30ஆம் திகதி, வலிகாமம் முழுவதும் போரால் இடம்பெயர்ந்து ஓரிரவில் தென்மராட்சிக்கு நடந்தது. உரும்பிராயும் நடந்தது, பல்கலைக்கழகமும் நடந்தது. 1996இல் திரும்பி வந்தவர்கள் அதை மறுபடி இயக்கினார்கள். பேரழிவுக் காலத்தைப் பொற்காலம் என்று பாடுவது எனக்கு உடன்பாடில்லை. பரீட்சைகள் ஆண்டுக்கணக்கில் பின்தள்ளப்பட்டன, ஆய்வுகள் நின்றுபோயின, கெட்டிக்காரர்கள் நாட்டை விட்டே போனார்கள். ஆனாலும் ஒரு கேள்வி என்னை விடுவதில்லை. எந்த வசதியும் இல்லாத காலத்தில் மனமுவந்து நடந்த வேலை, மின்சாரமும் இணையமும் குளிரூட்டியும் இருக்கும் காலத்தில் ஏன் முனகிக்கொண்டு நடக்கிறது?

காரணத்தைத் தனிமனிதச் சோம்பலில் தேடுவது சுலபம். நான் அதை நம்பவில்லை. இன்றைய அரச பல்கலைக்கழகம் எதுவானாலும், கோவை எப்படி நகர்கிறது என்று பாருங்கள். ஒரு துறைக்கு அச்சுப்பொறி மை தேவை. முகாமைத்துவ உதவியாளர் எழுதுகிறார், துறைத்தலைவர் பரிந்துரைக்கிறார், பீடாதிபதி பரிந்துரைக்கிறார், நிதியாளர் கிளை குறிப்பு எழுதித் திருப்புகிறது, மறுபடி கீழிருந்து மேலே. சட்டப்படி துணைவேந்தர்தான் பிரதம நிறைவேற்று அதிகாரியும் கணக்கீட்டு உத்தியோகத்தரும். கணக்காய்வு கேள்வி கேட்டால் பதில் சொல்ல வேண்டியவர் அவர். நாடாளுமன்றத்தின் கோப் குழு அழைத்தால் கொழும்புக்குப் போக வேண்டியவரும் அவர். கணக்காய்வு, செய்த காரியத்தைப் பற்றித்தான் பெரும்பாலும் கேட்கிறது. செய்யாமல் விட்ட காரியத்தால் ஒரு மாணவி ஆறு மாதம் பெறுபேறு இல்லாமல் காத்திருந்ததைப் பற்றிக் கேட்பது அரிது. ஆகவே மேலிருந்து கீழ்வரை எல்லோரும் கற்றுக்கொள்ளும் பாடம் ஒன்றுதான்: கையெழுத்து வைக்காதவனுக்கு ஆபத்தில்லை. ஒருவர் பயத்தால் திருப்பி அனுப்பும் கோவை, அடுத்தவரின் ஊக்கத்தைக் கொன்றுவிட்டுத்தான் கீழே வருகிறது.

கொழும்பின் கையும் இதில் உண்டு. 2019 மே மாதம் துணைவேந்தர் பேராசிரியர் இ. விக்னேஸ்வரன் ஜனாதிபதியால் பதவி நீக்கப்பட்டார். 2020 ஓகஸ்ட்டில் பேராசிரியர் சி. சிறிசற்குணராஜா வரும்வரை ஓராண்டுக்கு மேல் தகுதிவாய்ந்த அதிகாரி ஒருவரின் கீழேயே நிர்வாகம் நடந்தது. 2021 ஜனவரி 8ஆம் திகதி இரவு வளாகத்திலிருந்த முள்ளிவாய்க்கால் நினைவுத்தூபி இடிக்கப்பட்டது. மூன்று நாள் கழித்து, உண்ணாவிரதம் இருந்த மாணவர்கள் முன்னிலையில் துணைவேந்தரே அதை மீளக் கட்ட அடிக்கல் நாட்டினார். நாற்காலியில் யார் இருந்தாலும் மேலேயும் கீழேயும் இழுபடும் நாற்காலி அது. தன் பதவி நாளை இருக்குமா என்று தெரியாதவர் ஐந்தாண்டுத் திட்டத்துக்குத் துணிந்து கையெழுத்து வைப்பார் என்று எதிர்பார்ப்பது கடினம்.

கொழும்பை மட்டும் குற்றஞ்சாட்டிவிட்டு இருந்துவிடவும் முடியாது. லெவினின் மூன்றாவது குழு, சும்மா விட்ட குழு, நம்மிடம் வேறு ஒரு காரணத்தால் பெருகியிருக்கிறது. துறைத்தலைவர் பதவி மூன்று ஆண்டு. பீடாதிபதியும் பீடச் சபையால் மூன்று ஆண்டுக்குத் தெரியப்படுகிறவர்தான். தாவரவியலில் தேர்ந்த ஒருவர் திடீரென்று பதினைந்து பேரை வழிநடத்த வேண்டும். அதற்காக அவர் வாழ்நாளில் ஒரு நாள்கூடப் பயின்றிருக்க மாட்டார். மூன்று ஆண்டு முடிந்ததும் பழையபடி சக விரிவுரையாளர். இன்று கண்டிக்கப்பட்டவர் நாளை தலைவராகி வரலாம். அதற்கு மேலே ஊர். துறைத்தலைவரும் ஆய்வுகூட உதவியாளரும் ஒரே ஊர்க்காரராக, ஒன்றுவிட்ட சகோதரர்களாக இருப்பார்கள். உரும்பிராய்க் கருணாகரப் பிள்ளையார் கோயில் திருவிழாவில் முகத்துக்கு முகம் பார்க்க வேண்டும். எனவே சொல்ல வேண்டியதைச் சொல்லாமல் விட்டுவிடுகிறார். ஒருவர் பதினொரு மணிக்கு வந்து இரண்டு மணிக்குப் போகிறார். பக்கத்து மேசைக்காரர் அவருடைய வேலையையும் சேர்த்துச் செய்கிறார். ஒழுங்காக வேலை செய்கிறவரைத் தண்டிக்க இதைவிட உறுதியான வழி கிடையாது. அதட்டும் தலைவரைப் பற்றி எல்லோரும் முறையிடுவார்கள். கண்ணை மூடிக்கொள்ளும் தலைவரைப் பற்றி யாரும் முறையிடுவதில்லை. நல்லவர் என்ற பெயரோடு அவர் ஓய்வு பெறுகிறார். நிறுவனத்துக்கு அதிகம் சேதம் செய்பவர் இரண்டாமவர் என்பது என் துணிபு.

இதன் உச்சத்தைத் தமிழ்நாட்டில் பார்த்தோம். 1929இல் தொடங்கிய, தமிழிசைக்கும் தமிழாய்வுக்கும் பெரும் பணி செய்த அண்ணாமலைப் பல்கலைக்கழகம், தேவைக்கு மிஞ்சிய ஆயிரக்கணக்கான ஊழியர்களைச் சேர்த்து, கடைசியில் சம்பளம் கொடுக்கவே திணறியது. 2013இல் தமிழக அரசு ஓர் ஐ.ஏ.எஸ். அதிகாரியை நிர்வாகியாக அமர்த்தி அதைத் தன் பொறுப்பில் எடுத்தது. பின்னர் ஆயிரக்கணக்கானோர் வேறு அரச அலுவலகங்களுக்கு மாற்றப்பட்டார்கள். சிதம்பரத்தில் வீடு கட்டி, பிள்ளைகளைப் பள்ளியில் சேர்த்து இருந்த குடும்பங்கள் சிதறின. அவர்களில் உழைத்தவர்களும் இருந்தார்கள். ஆட்சேர்ப்பில் ஒருவரும் வேண்டாமென்று சொல்லாத தலைமைக்கு அவர்கள் கொடுத்த விலை அது.

தரத்தைப் பற்றி இன்னொரு செய்தி. 1990களில் ஏமி எட்மண்ட்சன் என்ற அமெரிக்க ஆய்வாளர் மருத்துவமனைகளில் மருந்துத் தவறுகளை ஆராய்ந்தார். நன்றாக இயங்கும் குழுக்களில் தவறு குறைவாக இருக்கும் என்று எதிர்பார்த்துப் போனவருக்கு நேர்மாறான விடை கிடைத்தது: நல்ல தலைமை உள்ள குழுக்களில்தான் தவறுகள் கூடுதலாகப் பதிவாகியிருந்தன. அங்கே தாதியர் தவறை ஒளிக்காமல் சொன்னார்கள் என்பதே அதன் பொருள். மற்ற இடங்களில் தவறு நடந்தது, வெளியே வரவில்லை. இதைப் பரீட்சைக் கிளைக்குப் பொருத்துங்கள். 67ஐ 76 ஆக ஏற்றியவர் மறுநாள் அதைக் கண்டுபிடிக்கிறார். "சேர், பிழை விட்டிட்டன்" என்று அவர் போய்ச் சொல்லக்கூடிய அறை இருக்கிறதா? அங்கே முதல் கேள்வி "எப்பிடித் திருத்துவம்?" என்று வருமா, "விளக்கம் எழுதித் தாரும்" என்று வருமா? இரண்டாவது கேள்வி ஒருமுறை வந்தால் போதும், அந்தக் கிளையில் பிறகு எந்தப் பிழையும் வெளிவராது.

கீழ்ப்படியில் நிற்பவரின் உடம்பிலும் இது எழுதப்படுகிறது. பிரித்தானிய அரச ஊழியர்களைப் பல்லாண்டு தொடர்ந்த வைற்ஹோல் ஆய்வுகளில் மைக்கல் மார்மொற்றும் குழுவினரும் கண்டது, பதவிப் படி இறங்க இறங்க இதய நோய் கூடுகிறது என்பதை. தன் வேலையை எப்படிச் செய்வது என்பதில் தனக்கு எவ்வளவு கட்டுப்பாடு இருக்கிறது என்பது அதில் ஒரு பெரிய காரணி. அங்கே பேசப்பட்டவர்கள் வறியவர்கள் இல்லை, நிரந்தர வேலையும் ஓய்வூதியமும் உள்ளவர்கள். நம்மூர்க் கல்விசாரா ஊழியர்களில் இருபது ஆண்டு அனுபவம் உள்ளவரிடம்கூட அவர் வேலையைப் பற்றி யாரும் யோசனை கேட்பதில்லை. எந்த வினாத்தாள் எங்கே தாமதமாகும், எந்தக் கருவி எப்போது பழுதாகும் என்று அவருக்குத்தான் தெரியும். கூட்டத்துக்கு அவர் தேநீர் கொண்டு வருவார்.

2024 மே 2ஆம் திகதி நாடெங்கும் பல்கலைக்கழகக் கல்விசாரா ஊழியர்கள் கொடுப்பனவு கேட்டு வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள். இரண்டு மாதங்களுக்கு மேல் நீடித்தது. விரிவுரையாளர்கள் இருந்தார்கள், மாணவர்கள் இருந்தார்கள், பல்கலைக்கழகங்கள் முடங்கின. பெறுபேறு வெளிவரவில்லை, ஆய்வுகூடம் திறக்கவில்லை, நூலகம் பூட்டிக் கிடந்தது. அதுவரை கண்ணில் படாத உழைப்பு, இல்லாமல் போனபோது எல்லோர் கண்ணிலும் பட்டது. கோரிக்கையின் நியாயத்தைப் பற்றி இருவேறு கருத்து இருக்கலாம். வேலைநிறுத்தம் முடிந்து திரும்பியவர்களை எத்தனை துறைத்தலைவர்கள் அழைத்து, தேங்கிக் கிடந்த வேலையை எப்படி முடிப்பது என்று உட்கார்ந்து பேசினார்கள் என்பதையே நான் அறிய விரும்புகிறேன். 2022 பொருளாதார நெருக்கடிக்குப் பின் விரிவுரையாளர்கள் நாட்டை விட்டுப் போகிறார்கள், வெற்றிடங்கள் நிரப்பப்படாமல் கிடக்கின்றன. இருக்கிறவர்களின் மனம்தான் இப்போது மிச்சமுள்ள மூலதனம்.

சில காரியங்களுக்குக் காசு தேவையில்லை. சிறு தொகைக் கொள்வனவிலும் விடுமுறை அனுமதியிலும் கையெழுத்து அதிகாரத்தைத் துறை மட்டத்திலேயே நிறுத்தலாம். துறைத்தலைவராக வரப்போகிறவருக்கு, பொறுப்பேற்கும் முன் இரண்டு வாரம் பதிவாளர் கிளையிலும் நிதியாளர் கிளையிலும் இருந்து வேலை பழகக் கொடுக்கலாம். பதவி உயர்வுக்கு என்ன கணக்கில் எடுக்கப்படும் என்பதை ஆண்டின் தொடக்கத்திலேயே சொல்லலாம். மாதம் ஒருமுறை துறையின் எல்லா ஊழியரும், காவலாளி உட்பட, ஒரு மேசையைச் சுற்றி இருக்கலாம்.

காசு தேவைப்படாத இன்னொன்றும் உண்டு. அதற்குத்தான் எதிர்ப்பு அதிகம் வரும். துணைவேந்தர் பதவிக்கு விண்ணப்பிப்பவர்கள் பேரவையின் முன் தங்கள் நோக்கை எடுத்துரைக்கிறார்கள். பேரவை மூன்று பெயரைப் பரிந்துரைக்க, பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழு வழியாக அது ஜனாதிபதிக்குப் போகிறது. அந்தப் பேரவையில் பீடாதிபதிகள் இருக்கிறார்கள், மூதவைப் பிரதிநிதிகள் இருக்கிறார்கள், வெளியிலிருந்து நியமிக்கப்பட்டவர்கள் இருக்கிறார்கள். கல்விசாரா ஊழியருக்கு அதில் ஓர் இடமும் சட்டம் தரவில்லை. சட்டத்தை மாற்றும்வரை காத்திருக்கத் தேவையில்லை. ஒவ்வொரு விண்ணப்பதாரரும் முன்பு ஏதோ ஒரு துறையையோ பீடத்தையோ நடத்தியவர்தான். அங்கே அவருக்குக் கீழே வேலை செய்த எழுதுவினைஞரையும் ஆய்வுகூட உதவியாளரையும் பேரவை அழைத்து, பெயரை வெளியிடாமல், ஒரேயொரு கேள்வி கேட்கலாம்: அவர் வெளிநாடு போயிருந்த கிழமைகளில் உங்கள் துறை எப்படி நடந்தது?